கேள்விக்குறிகளாக மாறிய கோப்புப் பெயர்கள்

ஒரு கோப்புறையில் வந்து விழும் சிஎஸ்வி கோப்புகளை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைத் தரவுக் கோப்புகளை) எடுத்துத் தரவுத்தளத்தில் சேர்க்கும் தரவோட்டம் ஒன்றை ஜாவா நிரல்மொழியில் இயங்கும் கருவியில் அமைத்திருந்தேன். ஆங்கிலப் பெயருள்ள கோப்புகள் தடையின்றிச் சென்றன. தமிழ்ப் பெயருள்ளவை மட்டும், கண்ணெதிரே கோப்புறையில் இருந்தும், 'கோப்பு இல்லை' என்ற பிழையுடன் நின்றன. பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள்.

வழக்கமாகப் பின்னணிச் சேவையாக ஓடும் அதே கருவியை, கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்திலிருந்து நானே தொடங்கியபோது எல்லாம் சரியாக ஓடியது. அங்கேதான் துப்புக் கிடைத்தது. என் முனையத்தின் மொழி அமைப்பு, தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் பைட்டுகளாகக் குறிக்கும் யுடிஎஃப்-8 ஆகவும், பின்னணிச் சேவைக்கோ எதுவும் குறிக்கப்படாமலும் இருந்தது. ஜாவா 18 முதல் கோப்பின் உள்ளடக்கத்துக்கு யுடிஎஃப்-8 இயல்பாகிவிட்டாலும், கோப்புப் பெயர்களுக்கு இயங்குதளத்தின் மொழி அமைப்பையே அது நம்புகிறது என்பதை நான் கவனிக்கத் தவறியிருந்தேன். சேவையின் சூழல் மாறிகளில் (நிரல் தொடங்கும்போது பெறும் அமைப்புகளில்) யுடிஎஃப்-8 மொழி அமைப்பைச் சேர்த்து மறுதொடக்கம் செய்ததும் கோப்புகள் திறந்தன.

ஆனால் முதல் நெடுவரிசையான 'எண்' மட்டும் கிடைக்கவில்லை. கோப்பின் தொடக்க பைட்டுகளை எண்களாகப் பார்த்தபோது 239, 187, 191 என்றிருந்தன. விரிதாள் மென்பொருள் சேர்த்த, கண்ணுக்குத் தெரியாத குறி அது; 'எண்' என்ற பெயரோடு ஒட்டிக்கொண்டு அதை வேறு பெயராக்கியிருந்தது. வாசிக்கும் முன் அந்த 3 பைட்டுகளையும் நீக்கும் படியொன்றைச் சேர்த்தேன்.

கடைசியாக, 'கோ' எழுத்து ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் வந்ததால் சில பெயர்கள் பொருந்தவில்லை. ஒப்பிடும் முன் யூனிகோடு இயல்பாக்கம், அதாவது இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும் மாற்றம், செய்ததில் அதுவும் தீர்ந்தது.