பனி வருமா வராதா என்று தெரியாத வாரத்தில் என்ன செய்வது

ஜனவரி பிறந்தால் இங்கே டெக்சாஸில் டாலஸ் பக்கம் இதுதான் கதை. திங்கட்கிழமை யாராவது ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரைபடம் போடுவார். நம் ஏரியா மேல் ஊதா நிறம் அப்பியிருக்கும், வரும் ஞாயிறு 14 அங்குலம் பனி என்று இருக்கும். புதன்கிழமை அதே வரைபடம் 2 அங்குலம் என்று சொல்லும், வெள்ளிக்கிழமை வெறும் மழை. "இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று எல்லோரும் கை கழுவிவிடுவார்கள். ஞாயிறு ராத்திரி 14 அங்குலம் வராது, ஆனால் 14 டிகிரி ஃபாரன்ஹீட் வரும், யார் வீட்டிலாவது பைப் வெடிக்கும். அந்தக் குளிர் வரப்போகிறது என்பது திங்கட்கிழமையே தெரிந்த விஷயம். நாம்தான் பனியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதனால் முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: முன்னறிவிப்பு என்பது ஒரே செய்தி இல்லை, இரண்டு செய்தி. எவ்வளவு குளிரும் என்பது ஒன்று, வானத்திலிருந்து என்ன விழும் என்பது இன்னொன்று. முதலாவதை ஒரு வாரம் முன்பே ஓரளவு நம்பலாம். இரண்டாவதைக் கடைசி இரண்டு மூன்று நாட்களுக்கு முன் நம்பக் கூடாது. வீட்டைக் காப்பாற்றுகிற வேலை முழுக்க முதல் செய்தியைப் பார்த்துச் செய்ய வேண்டியது. பயணம், பள்ளி, அலுவலகம் பற்றிய முடிவுகளுக்குத்தான் இரண்டாவது. (எல்லா வெப்பநிலையும் ஃபாரன்ஹீட்டில் சொல்கிறேன், தண்ணீர் உறைவது 32.)

ஏன் இப்படி என்றால், ஆர்க்டிக் பக்கத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று ஒரு பெரிய உருப்படி. கனடாவிலிருந்து சமவெளி வழியாகக் கீழே வழிந்து வருவதற்குக் குறுக்கே பெரிய மலை எதுவும் இல்லை, வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகள் அதை நன்றாகவே பிடித்துவிடும். எண் ஐந்து பத்து டிகிரி மாறலாம், நேரம் அரை நாள் முன்னே பின்னே போகலாம். என் அனுபவத்தில் சொன்னதைவிட முன்னால்தான் வரும், ஏனென்றால் அந்தக் குளிர்காற்று தரையோடு ஒட்டிய மெல்லிய அடுக்காக வருகிறது, உலகளாவிய மாதிரிகள் அதன் வேகத்தைக் குறைத்துக் கணக்கிடுவது வழக்கம். ஜார்ஜியா, கரோலினா பக்கம் இருப்பவர்களுக்கு வேறு தலைவலி. அங்கே அப்பலாச்சியன் மலைக்குக் கிழக்கே குளிர்காற்று ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும், மாதிரிகள் அது சீக்கிரம் விலகிவிடும் என்று சொல்லும், அது விலகாது.

பனிக்கோ இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் கூட வேண்டும். குளிர் தரையில் இருக்கும்போதே தென்மேற்கிலிருந்து, பெரும்பாலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா பக்கமிருந்து, ஒரு தாழ்வழுத்தம் வந்து மெக்சிகோ வளைகுடாவின் ஈரத்தை மேலே இழுக்க வேண்டும். அந்தத் தாழ்வழுத்தம் நூறு மைல் வடக்கே போனால் நமக்கு மழை, தெற்கே போனால் ஒன்றுமே இல்லை. அது பசிபிக் மேல் இருக்கும்வரை அதைப் பற்றிய நேரடி அளவீடுகள் குறைவு. செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் பலூன் விட்டு அளக்கும் நிலையங்கள் நிலத்தில்தான் நெருக்கமாக இருக்கின்றன. அது கரையேறிய பிறகுதான் பெரும்பாலும் கணக்கு ஒரு நிலைக்கு வரும்.

இது போதாதென்று அமெரிக்காவின் தெற்குப் பக்கம் அடிக்கடி வரும் இன்னொரு சிக்கலும் உண்டு. கீழே மெல்லிய குளிர் அடுக்கு, அதன் மேல் ஏறி வருவது வளைகுடாவின் வெதுவெதுப்பான காற்று. மேகத்திலிருந்து பனியாகப் புறப்பட்டது நடுவில் அந்தச் சூட்டில் உருகிவிடும். கீழே குளிர் ஆழமாக இருந்தால் மறுபடி உறைந்து கல்லுப்பு மாதிரி ஸ்லீட்டாக விழும். குளிர் மெல்லியதாக இருந்தால் தண்ணீராகவே வந்து மரத்திலும் கம்பியிலும் பாலத்திலும் பட்டவுடன் உறையும், அதுதான் ஃப்ரீஸிங் ரெயின், அதாவது உறைமழை, எல்லாவற்றிலும் மிக மோசமானது அதுதான். நடு அடுக்கு ஓரிரண்டு டிகிரி மாறினால் போதும், பனி, ஸ்லீட், உறைமழை, சாதா மழை நான்கும் இடம் மாறிவிடும். ஒரு அங்குலத் தண்ணீர் பனியாக விழுந்தால் சுமார் 10 அங்குலம், ஸ்லீட் என்றால் மூன்று அங்குலத்தை ஒட்டி. கம்பியில் கால் அங்குலம் ஐஸ் ஏறினாலே பல இடங்களில் ஐஸ் ஸ்டார்ம் வார்னிங் வரும், அரை அங்குலம் ஏறினால் கிளைகளும் மின்கம்பிகளும் தாங்காது. வாட்ஸ்அப்பில் சுற்றும் இலவச வரைபடங்களில் பல, ஸ்லீட்டையும் பனிக் கணக்கில் சேர்த்துப் பத்தால் பெருக்கிவிடுகின்றன. அந்த ஊதா நிறம் பெரும்பாலும் அப்படி வந்ததுதான்.

அளவு குறைவு என்றால் ஆபத்து குறைவு என்றும் நினைத்துவிடாதீர்கள். 2014 ஜனவரி 28 அன்று அட்லாண்டாவில் விழுந்தது மூன்று அங்குலம்கூட இல்லை. அதிகப் பனி நகரத்துக்குத் தெற்கேதான் என்று முதலில் எதிர்பார்த்தார்கள், நகரத்துக்கான வார்னிங் அன்று விடியற்காலையில்தான் வந்தது. எல்லோரும் வழக்கம்போல் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட்டார்கள், பனி ஆரம்பித்ததும் மதியம் ஒரே நேரத்தில் எல்லோரும் கிளம்பினார்கள், சாலை ஐஸாகிவிட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இரவு பள்ளியிலேயே தங்கினார்கள், பெரியவர்கள் நெடுஞ்சாலையில் காரிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். நேர்மாறாக, 2025 ஜனவரி 21 அன்று நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையத்தில் 8 அங்குலம் விழுந்தது. லூசியானாவின் லேக் சார்ல்ஸ் வானிலை அலுவலகம் தன் சரித்திரத்தில் முதல் முறையாகப் பிளிஸார்ட் வார்னிங், அதாவது பனிப்புயல் எச்சரிக்கை, கொடுத்தது. வளைகுடாக் கரையில் பிளிஸார்டா என்று கேட்டவர்கள் உண்டு, ஆனால் எச்சரிக்கை சரியாகத்தான் இருந்தது.

எங்கே பார்ப்பது

ஃபோனில் இருக்கும் ஆப்பை மூடி வையுங்கள். அது ஒரே எண்ணைக் காட்டும், அந்த எண் எவ்வளவு ஆட்டத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாது. தேசிய வானிலை சேவையின் வெதர் டாட் கவ் தளத்தில் உங்கள் வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் தொட்டால் அந்த இடத்துக்கான முன்னறிவிப்பு வரும். அதிலேயே ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன் என்று ஒன்று இருக்கும், பணியில் இருக்கும் வானிலையாளர் கைப்பட எழுதுவது, ஒரு நாளில் சில முறை புதுப்பிப்பார்கள். எல்லாம் புரிய வேண்டாம். கான்ஃபிடன்ஸ் என்ற சொல் வரும் வாக்கியங்களை மட்டும் தேடிப் படியுங்கள். "குளிரில் நம்பிக்கை அதிகம், மழையின் வகையில் குறைவு" என்று அவர்களே சொல்லியிருப்பார்கள்.

மாதிரிகளைப் பார்க்க ஆசைப்பட்டால் ஒற்றை ஓட்டத்தைப் பார்க்காதீர்கள். அமெரிக்க மாதிரி ஒரு நாளில் நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொன்றையும் பார்த்துப் பதறினால் தூக்கம்தான் போகும். ஆன்சாம்பிள் என்பதைப் பாருங்கள்: தொடக்க நிலையைச் சின்னச் சின்னதாக மாற்றி அதே கணக்கைப் பல முறை போடுவது, அமெரிக்க மாதிரியில் 31, ஐரோப்பிய மாதிரியில் 51. 51-ல் ஐந்து மட்டும் பனி சொன்னால் அது வதந்தி அளவுக்குத்தான். நாற்பது சொன்னால் பெட்ரோல் போட்டு வையுங்கள்.

வாட்ச் என்றால் வர வாய்ப்பு இருக்கிறது, தயாராகு என்று பொருள். வார்னிங் என்றால் வந்துகொண்டிருக்கிறது. அட்வைசரி அதற்குக் கொஞ்சம் கீழே. 2024 அக்டோபரிலிருந்து விண்ட் சில் (காற்றால் கூடும் குளிர்) வார்னிங் என்ற பெயர் போய் எக்ஸ்ட்ரீம் கோல்டு வார்னிங் என்று வருகிறது, காற்றே இல்லாவிட்டாலும் கடுங்குளிருக்குக் கொடுப்பார்கள். எந்த எண்ணுக்குக் கொடுப்பது என்பது ஊருக்கு ஊர் வேறு. வடக்கே மினசோட்டாவில் இருக்கும் நண்பர் "இதுக்கெல்லாமா?" என்று சிரிப்பார். அவர் வீட்டுப் பைப் அந்தக் குளிருக்காகவே போட்டது, நம் வீட்டுப் பைப் கூரைக்குக் கீழே இருக்கும் காலி இடமான அட்டிக்கில் ஓடுகிறது.

எந்த நாளில் எதைச் செய்வது

ஒரு வாரம் இருக்கும்போது செலவில்லாத வேலைகள் மட்டும். தண்ணீரை மொத்தமாக அடைக்கும் வால்வு எங்கே என்று கண்டுபிடித்து, ஒரு முறை அடைத்துத் திறந்து பாருங்கள். தயவுசெய்து இதைச் செய்யுங்கள். 2021 பிப்ரவரியில் எங்கள் வீட்டில் கராஜுக்கு மேலே ஓடிய பைப் விரிசல் விட்டுவிட்டது. கடுங்குளிர் ராத்திரியில் தெரியவில்லை, வெயில் வந்து உள்ளே இருந்த ஐஸ் உருகிய பிறகுதான் கூரைப் பலகை ஈரமாகி வயிறு தொங்கி, கடைசியில் பொத்தென்று விழுந்தது. நான் வெளியே ஓடி தண்ணீர் மீட்டர் பெட்டியின் இரும்பு மூடியைத் தேடினேன், புல் மூடிக் கிடந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே சேறு, வால்வைத் திருப்ப நீளமான சாவி வேண்டும், என்னிடம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து கொடுப்பதற்குள் இருபது நிமிடம், அத்தனை நேரமும் தண்ணீர் கொட்டியது. அந்தச் சாவி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். இப்போது எங்கள் கராஜ் சுவரில் ஆணியடித்துத் தொங்குகிறது.

நாலைந்து நாள் இருக்கும்போது குளிர் உறுதியாகிவிடும். மாத்திரைகளை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், மளிகையை முடியுங்கள், கார்பன் மோனாக்சைடு (புகையில் வரும் நச்சு வாயு) அலாரத்துக்கு பேட்டரி மாற்றுங்கள், வெளிக் குழாய்க்கு நுரை மூடி வாங்குங்கள். வார்னிங் வந்த பிறகு கடையில் மூடி இருக்காது. கிடைக்காவிட்டால் பழைய துண்டைச் சுற்றி மேலே பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள், துண்டு நனைந்தால் பயனில்லை. தோட்டத்து ஹோஸைக் கழற்ற மறக்காதீர்கள். ஸ்பிரிங்க்ளருக்குப் போகும் தண்ணீரை அடைத்து வடித்துவிடுங்கள். தண்ணீர் சூடாக்கும் டேங்க்லெஸ் ஹீட்டர் வெளிச்சுவரில் இருந்தால், அதன் உறைதடுப்பு மின்சாரத்தில்தான் ஓடும், மின்சாரம் போனால் எப்படி வடிப்பது என்று இப்போதே கையேட்டைப் படித்து வையுங்கள்.

இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் பனியைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம். வானிலை சேவையில் குறைந்தபட்சம், எதிர்பார்ப்பு, அதிகபட்சம் என்று மூன்று எண் கொடுப்பார்கள். பயணத்துக்கு நடு எண்ணைப் பார்க்காதீர்கள், அதிகபட்சம் வந்தால் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். விமானத் தேதியை மாற்றக் கட்டணமில்லை என்று நிறுவனங்கள் அறிவிப்பதும் பெரும்பாலும் இந்தச் சமயத்தில்தான்.

அப்புறம் இன்னொரு சின்னக் கணக்கு, எனக்குப் பல முறை உதவியது. மணிவாரிப் பட்டியலில் வெப்பநிலையோடு டியூ பாயிண்டையும் (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) பாருங்கள். 38 டிகிரி, மழை என்று போட்டிருக்கும், சரி, உறையாது என்று நினைப்போம். ஆனால் டியூ பாயிண்ட் 22 என்று இருந்தால் காற்று காய்ந்திருக்கிறது என்று பொருள். முதல் மழைத்துளிகள் அந்தக் காற்றில் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொள்ளும், வெப்பநிலை 32-ஐ ஒட்டி இறங்கிவிடும். மழை ஆரம்பித்த ஒரு மணி நேரத்தில் மேம்பாலம் கண்ணாடியாவது இப்படித்தான்.

குளிர் இறங்கும் ராத்திரி

அட்டிக்கில் பைப் ஓடும் வீட்டுக்கு 20 டிகிரிதான் அபாய எல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். காற்று பலமாக இருந்தால் நான் 25-லேயே ஆரம்பித்துவிடுவேன். வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களையும், தண்ணீர் உள்ளே வரும் இடத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் குழாயையும் சொட்ட விடுங்கள், சுடுதண்ணீர் பக்கமும் சேர்த்து. சன்னமாகச் சொட்டினால் போதும், ஊரே திறந்துவிட்டால் அழுத்தம் விழுந்துவிடும். சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள்.

மின்சாரம் போய் வீடு குளிர ஆரம்பித்து, உடனே திரும்பும் அறிகுறி இல்லை என்றால், சொட்ட விடுவதை நம்பாதீர்கள். முதலில் பாத்திரங்களில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் வால்வை அடைத்து, மேல்மாடியிலும் கீழேயும் குழாய்களைத் திறந்து வடித்துவிடுங்கள், வாட்டர் ஹீட்டரின் பிரேக்கரையும் அணையுங்கள், கேஸ் என்றால் பைலட்டில் (சின்னச் சுடர் மட்டும் எரியும் நிலை) வையுங்கள். 2021-ல் டெக்சாஸில் 45 லட்சம் வீடுகளுக்கு மேல் மின்சாரம் போனது, டாலஸ்-ஃபோர்ட் வொர்த் விமான நிலையத்தில் பிப்ரவரி 16 அன்று மைனஸ் 2, 1949-க்குப் பிறகு அவ்வளவு இறங்கியதில்லை. மாநில அரசின் கணக்கில் 246 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் குளிர் தாங்காமல், பலர் வீட்டுக்குள்ளேயே.

கார்பன் மோனாக்சைடும் அதில் உயிர் குடித்தது. கேஸ் அடுப்பை ஏற்றிச் சூடு காயாதீர்கள். கரி கிரில்லை உள்ளே கொண்டுவராதீர்கள். கதவு திறந்திருந்தாலும் கராஜில் காரை ஓடவிட்டு உட்காராதீர்கள். ஜெனரேட்டர் வீட்டிலிருந்து 20 அடியாவது தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும்.

எல்லோரும் ஒரே அறையில் படுங்கள், கதவிடுக்கில் போர்வையைத் திணியுங்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்கள்மேல் தனிக் கண் வேண்டும். "எனக்கு ஒண்ணும் குளிரல, நீ பிள்ளையைப் பாரு" என்றுதான் சொல்வார்கள். வயதானவர்களுக்கு உடம்பு குளிர்வது அவர்களுக்கே தெரியாது. பேச்சு குழறினாலோ, அசாதாரணமாகத் தூங்கி வழிந்தாலோ, உடையைத் தாண்டி வயிற்றுப் பகுதி சில்லென்று இருந்தாலோ காத்திருக்காமல் 911-ஐக் கூப்பிடுங்கள்.

வெயில் வந்து எல்லாம் உருகியதும் அவசரப்பட்டு எல்லாக் குழாயையும் திறக்க வேண்டாம். மெயினை அடைத்திருந்தால் கால் திருப்பு மட்டும் திறந்து, வீட்டைச் சுற்றி நடந்து காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், முகப்பில் ஒரு சின்ன முக்கோணமோ சக்கரமோ இருக்கும். யாரும் தண்ணீர் புழங்காதபோதும் அது சுற்றிக்கொண்டிருந்தால் எங்கோ ஒழுகுகிறது, மறுபடி அடைத்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள்.