துறைமுக ஊரில் வீடு வாங்குமுன் விலையைச் சோதிப்பது எப்படி

சின்னத் துறைமுக ஊரில் "சதுர அடி என்ன விலை?" என்று கேட்டுப் பயனில்லை. வருடத்துக்குச் சில வீடுகள்தான் கைமாறும்; அதில் ஒன்று கடலைப் பார்த்த வீடாக இருந்தாலே கணக்கு கெட்டுவிடும். பின்தெருவில் நான்கு வீடுகள் ஒரே விலைக்கும், முன்வரிசையில் ஒன்று மும்மடங்கு விலைக்கும் போனால், ஐந்தின் சராசரி பின்தெரு விலையைவிட 40 சதவீதம் கூடுதலாக வரும். அந்தச் சராசரியை வைத்து விற்பவர்கள் பின்தெரு வீட்டுக்குப் பேரம் பேசுவார்கள். கடைசி இரண்டு மூன்று வருடப் பத்திரப்பதிவுகளைத் தெருவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு தெருவின் விலைகளையும் ஏறுவரிசையில் வைத்து, நடுவில் நிற்கும் விலையைப் பாருங்கள்.

அடுத்து, சீசன் இல்லாத மாதத்தில் ஒரு வாரநாள் இரவு எட்டு மணிக்குத் தெருவில் நடந்து, எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். பாதிக்கு மேல் இருட்டாக இருந்தால் அங்கே விலையை நிர்ணயிப்பது விடுமுறைக்கு வருகிறவர்களின் பணம். அது வந்த வேகத்தில் போகவும் போகும். வாடகைக் கணக்கிலும் இதே கவனம் வேண்டும்: சீசன் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்காதீர்கள்.

அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்து ஓரிரு நாளில், கடல் ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். பெரும்பாலான கரைகளில் அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக் கிளம்புங்கள். மழையே இல்லாமல் சாக்கடை வாயில் தண்ணீர் மேலேறி நின்றால், கடல் குழாய் வழியே திரும்பி வருகிறது. அன்றைக்குக் கனமழையும் சேர்ந்தால் மழைநீர் வடிய வழியே இருக்காது.

ஆனால் பலரும் பார்க்கத் தவறுவது துறைமுகத்திலிருந்து கடலுக்குள் நீளும் அலைத்தடுப்புச் சுவரைத்தான். கரையோர நீரோட்டம் மணலை எந்தப் பக்கமிருந்து கொண்டுவருகிறதோ, சுவரின் அந்தப் பக்கம் மணல் சேரும். மறுபக்கம் கரை அரிக்கும். துறைமுகத்திலிருந்து ஒரே தூரத்தில் உள்ள இரண்டு தெருக்களில் ஒன்றுக்கு மணல்வெளி விரியும், இன்னொன்றுக்குக் கடல் நெருங்கும். கூகுள் எர்த்தில் பழைய படங்களை எடுத்து, ஒரு கோயிலோ கட்டடமோ குறியாக வைத்து அங்கிருந்து அலை விளிம்புவரை அளந்து பாருங்கள். ஒரே மாதத்துப் படங்களைத்தான் ஒப்பிட வேண்டும். புயல் பருவத்தில் எந்தக் கடற்கரையும் குறுகித்தான் தெரியும்.

வீட்டுக்குள் போனால் சன்ஷேடு, பால்கனி, குளியலறைக் கூரை, தொட்டி அடிப்பகுதி ஆகியவற்றைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே காரை விட்டுப்போயிருக்கிறது. உப்பு இறங்கிய கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அதனால்தான் கம்பியின் நீளத்துக்கே நேர்கோடாக வெடிப்பு ஓடுகிறது. அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். மேலே சிமென்ட் பூசி மூடுவது வீண், உப்பு உள்ளேயேதான் இருக்கும். கம்பிக்குப் பின்னால் 2 செ.மீ. வரை கான்கிரீட்டை உடைத்து, துருவைச் சுரண்டி, மெலிந்த கம்பியை மாற்றித்தான் கட்ட வேண்டும். அந்த மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி விலையில் கழிக்கச் சொல்லுங்கள். சன்னல் கீலும் திருகும் எந்த ரகம் என்றும் பாருங்கள்: 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட 316 ரகம் உப்புக்காற்றை நன்றாகத் தாங்கும்.

கிணறோ போரோ இருந்தால் கோடைக் கடைசியில், தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். 1000-ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு மீட்டர் நன்னீருக்கும் கீழே சுமார் 40 மீட்டர் நன்னீர் உண்டு என்பது பொதுக் கணக்கு. அக்கம்பக்கத்தில் உறிஞ்சி ஒரு மீட்டர் இறக்கினாலே அடியில் உப்புநீர் அந்த 40 மீட்டர் அளவுக்கு ஏறிவரப் பார்க்கும்.

மீன் வாடையும் விடியற்காலை ஏலச் சத்தமும் விலையைக் குறைக்கும், உண்மைதான். பகலில் காற்று கடலிலிருந்து அடிப்பதால் வாடை ஊருக்குள் வரும், இரவில் பெரும்பாலும் திரும்பிப் போகும். தூக்கத்தைக் கெடுப்பது ஐஸ் உடைக்கும் இயந்திரமும் லாரியும்தான். விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கையறை சன்னலைத் திறந்து கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், இந்தச் சத்தமுள்ள பின்தெருவையே முதலில் பார்ப்பேன். சத்தம் இருந்தால் படகு வருகிறது என்று பொருள்; படகு வருகிறவரைதான் முகத்துவாரத்தைத் தூர்வாரச் சொல்லிக் கேட்க ஆளிருக்கும்.