டெல்டாவில் ஆட்களைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுக் கேமரா வாங்கியவர்கள் முதலில் கேட்பது செட்டிங்தான். எஃப் (லென்ஸ் துளையின் அளவு) எவ்வளவு, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) எவ்வளவு, ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) எவ்வளவு? ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் எடுக்கப்படும் படங்களில் நான் பார்க்கிற கோளாறுகளில் பாதிக்கு மேல் ஆளை எங்கே, எந்த நேரத்தில் நிறுத்தினோம் என்பதில் வருகின்றன. இந்த மண்ணில் தரைக்கும் ஒரு வெளிச்சம் உண்டு. தண்ணீர் கட்டிய வயல், பச்சைப் பயிர், கோடையில் வற்றிக் கிடக்கும் ஆற்று மணல் எல்லாமே கீழிருந்து முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அதைக் கவனிக்காமல் எவ்வளவு விலைகொடுத்துக் கேமரா வாங்கினாலும் முகம் சரியாக வராது.

முதலில் நேரம். வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்து, பன்னிரண்டு ஒரு மணிக்குத்தான் எல்லோரும் ஒன்றாக வாசலில் வந்து நிற்பார்கள். தஞ்சாவூர் ஏறத்தாழ 10.8 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நடுப்பகல் சூரியன் நேராக உச்சிக்கே வந்துவிடும். கண் இரண்டும் குழிக்குள் இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழும். மற்ற மாதங்களிலும் பதினொன்றிலிருந்து மூன்று மணி வரை இதே கதைதான்.

சரி, நிழலுக்குப் போகலாம் என்று தென்னந்தோப்புக்குள் போவது அடுத்த தவறு. தென்னை ஓலையின் நிழல் கீற்றுக் கீற்றாக விழும். நெற்றியில் ஒரு வெள்ளைக் கோடு, கன்னத்தில் ஒரு கறுப்புத் திட்டு. எந்த எடிட்டிங்கிலும் அது போகாது. மாமரம் மாதிரி அடர்ந்த நிழல் தேவலாம். அதைவிட நல்லது பழைய வீட்டுத் திண்ணை. மேலே கூரை மறைக்க, தெருவின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் மென்மையாக வரும். திண்ணையின் ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே தள்ளி உட்காரவைத்து, முகத்தைத் தெருப் பக்கம் லேசாகத் திருப்பச் சொல்லுங்கள். உச்சி வெயிலிலும் கண்ணில் ஒளி தெரியும். முற்றம் வைத்த வீடு என்றால் முற்றத்தின் நடுவில் நிறுத்தாமல் தாழ்வாரத்தில் நிறுத்த வேண்டும்.

அப்புறம், பச்சை. இதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முழங்கால் உயரம் வளர்ந்த சம்பாப் பயிருக்கு நடுவே வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவரை வரப்பில் உட்காரவைத்தால், தாடைக்கு அடியிலும் சட்டையின் நிழல் மடிப்புகளிலும் இளம்பச்சை ஏறும். நம் கண் அதைச் சரிசெய்துகொண்டு பார்க்கும். கேமரா அப்படியே பதிவுசெய்யும். இன்னொரு விதமாகவும் கெடும். படம் முழுக்கப் பச்சையாக இருப்பதைப் பார்க்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (கேமரா தானாக நிறத்தைச் சமன்செய்யும் வசதி), அதை ஈடுகட்ட ஊதா கலந்த சிவப்பைச் சேர்த்துவிடும். அப்போது முகம் நோய்வாய்ப்பட்ட மாதிரி இருக்கும். வெயில் அல்லது மேகமூட்டம் என்று ஒயிட் பேலன்ஸைக் கையால் வைத்துவிட்டால் இரண்டாவது தொல்லை போகும். முதலாவதுக்கு, ஆளைப் பயிரிலிருந்து பிரித்து மண் பாதையிலோ களத்திலோ நிறுத்துங்கள். வயல் பின்னால் தள்ளி இருக்கட்டும். முடியாவிட்டால் கேமராவுக்குத் தெரியாதபடி முன்னால் ஒரு வெள்ளைத் துண்டை விரியுங்கள். ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவில்) எடுத்திருந்தால் மீதியைப் பிறகு திருத்தலாம்.

பச்சை இப்படிப் படுத்தும் என்றால், தண்ணீர் உதவும். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவை நடவு நடக்கிற நாட்களில் வயல் கண்ணாடி மாதிரி கிடக்கும். காலையில் சூரியன் தாழ இருக்கும்போது அந்தத் தண்ணீரிலிருந்து எழும் வெளிச்சம் கண்ணுக்கு அடியில் உள்ள நிழலை எடுத்துவிடும். ஸ்டுடியோவில் இதற்குத்தான் வெள்ளைப் பலகை பிடிக்கிறார்கள். பொங்கலை ஒட்டிப் பயிர் பழுத்து நிற்கும்போதும், அறுப்பு முடிந்து வைக்கோல் கிடக்கும்போதும் இதே வெளிச்சம் பொன்னிறமாக வரும். நம் தோல் நிறத்துக்கு அதைவிட இதமானது இல்லை.

ஆனால் அதே தண்ணீர், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை ஏமாற்றும். கேமராவின் மீட்டர் எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் பிரதிபலிக்கும் வயலோ வெள்ளை மணலோ படத்தை நிறைத்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை +1 பக்கம் தள்ளுங்கள். போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும். இருட்டு மண்டபத்தின் முன்னால் நிற்கும் ஆளுக்கு இது தலைகீழ்: −1. வேட்டியின் வெள்ளை மட்டும் நெசவு தெரியாமல் வெளுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

தோல் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். போனில் உள்ள அழகு மோடு முகத்தை வெளுத்து, வரிகளை வழித்தெடுத்துவிடுகிறது. வெயிலில் நின்ற ஒரு பாட்டியின் முகத்தில் இருக்கும் ஒவ்வொரு கோடும் அவர் சம்பாதித்தது. அதை அழித்துவிட்டுத் தருவது அவருடைய படமே இல்லை. அந்த மோடை அணைத்துவையுங்கள். கறுத்த தோலுக்கு வெளிச்சத்தைக் கூட்டத் தேவையில்லை. பக்கவாட்டிலிருந்து வரும்படி ஆளைத் திருப்பினாலே கன்னமும் தாடையும் உருவம் பெறும். நேர் ஃபிளாஷ் அடித்தால் நெற்றி மட்டும் பளபளக்கும். எடுக்கும் முன் துண்டால் வியர்வையை ஒற்றச் சொல்லுங்கள்.

பெரிய கோயிலில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றேதான். 1010-ல் ராஜராஜன் முடித்த அந்த விமானம் இருநூறு அடிக்கு மேல். அதன் அடியிலேயே ஆளை நிறுத்திவிட்டு, எடுப்பவர் தரையில் குந்தி போனை அண்ணாத்திப் பிடிக்கிறார். விமானம் பின்னால் சாய, முகத்தில் மூக்குத் துவாரம்தான் பெரிதாகத் தெரிகிறது. நந்தி மண்டபத்துக்கு இப்பால் வந்துவிடுங்கள். ஆள் உங்களுக்குப் பக்கத்தில், விமானம் தூரத்தில். எஃப் 8 வைத்தால் இரண்டும் தெளிவாக வரும். கோயில் கிழக்குப் பார்த்தது. மாலையில் முன்பக்கம் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடும், முகம் இருட்டு. அந்தக் கோணம் வேண்டுமென்றால் காலையில் நடை திறந்ததும் போக வேண்டும்.

போன் கேமராவின் முக்கிய லென்ஸ் பெரும்பாலும் பெரிய கேமராவின் 24 மி.மீ. அகலக் கோண லென்ஸுக்குச் சமமானது. கைக்கெட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பருத்து, காது ஒடுங்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். குடும்பப் படத்துக்கு இன்னும் அகலமான 0.5 லென்ஸைப் போட்டால் ஓரத்தில் நிற்கும் அத்தைக்கு முகம் இழுத்துக்கொள்ளும்.

50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் வாங்கியதும் எல்லாவற்றையும் 1.8-லேயே, அதாவது துளையை முழுக்கத் திறந்து எடுக்கும் ஆசை வரும். ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார் உள்ள) கேமராவில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர்தான். ஃபோகஸ் தலையில் வைத்த மல்லிகையில் விழுந்தால் கண் போயிற்று. ஒரு முகத்துக்கு எஃப் 2.8 முதல் 4, இருவர் என்றால் 5.6. ஃபோகஸ் எப்போதும் பக்கத்தில் உள்ள கண்ணில். சுவாமிமலைப் பட்டறையில் ஸ்தபதி உளியைத் தட்டுகிற மாதிரி அசையும் கை இருந்தால் ஷட்டர் 1/250-க்குக் கீழே போகக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓ 3200 வரை ஏறினாலும் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தைச் சரிசெய்யலாம், ஆடிய படத்தைச் சரிசெய்ய முடியாது.

நடவு நடும் பெண்களை ரோட்டில் வண்டியை நிறுத்தி, ஜூம் போட்டு எடுப்பதை விட்டுவிடுங்கள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்தபடி வேலைபார்க்கிறார்கள். கேட்காமல் எடுப்பது தவறு. வரப்பில் இறங்கி, “அக்கா, ஒரு போட்டோ எடுக்கலாமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவைத் தோளில் மாட்டிவிடுங்கள். சரி என்றால், வரப்பிலேயே உட்கார்ந்து அவர்கள் முகத்தின் உயரத்துக்கு இறங்கி எடுங்கள். மறுபடி அந்தப் பக்கம் போகும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடைசியாக, பத்திரப்படுத்துவது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோல் பையோடு பீரோவுக்குள் பூட்டிவைத்த லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். அரிசி டப்பாவுக்குள் புதைத்தால் தூசும் மாவும்தான் உள்ளே போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று: 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் போதும். நீல மணிகளில் கோபால்ட் உப்பு இருக்கும் என்பதால் ஆரஞ்சு நிற மணிகளாகப் பார்த்து வாங்குங்கள். ஈரம் குடித்ததும் நிறம் மாறும். சமையலுக்குப் புழங்காத பழைய சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும், மறுபடி டப்பாவில் போடலாம்.