அமினோ அமில ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த இருவர், நான் பல வருடங்களுக்கு முன் விழுந்த அதே குழியில் இந்த மாதம் விழுந்தார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கன்ட்ரோல் வைப்பது, பிப்பெட்டைச் சரிபார்ப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஈ. கோலை கே-12க்கு வேலினை மட்டும் கொடுப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். லூசின் என்ற அமினோ அமிலத்தைத் தானே தயாரிக்க முடியாத ஒரு ஈ. கோலை பாக்டீரியாவை, கே-12 என்ற ஆய்வகத் திரிபை, அமினோ அமிலங்கள் இல்லாத மினிமல் மீடியத்தில் வளர்த்தேன். லூசின் போட்டேன். கூடவே இருக்கட்டுமே என்று வேலின் என்ற இன்னொரு அமினோ அமிலமும் போட்டேன். ஒரு செல்கூட வளரவில்லை. எல்பி என்ற சத்து நிறைந்த மீடியத்திலோ அமோகமாக வளர்ந்தது. செல்லுக்குள் செலுத்திய பிளாஸ்மிட்தான் (சிறு டிஎன்ஏ வளையம்) அதைக் கொல்கிறது என்று முடிவுகட்டி மூன்று வாரம் குளோனிங்கையே திரும்பச் செய்தேன்.

நடந்தது வேறு. வேலினையும் ஐசோலூசினையும் செல் உருவாக்கும் பாதை பெரும்பாலும் பொது. அதில் அசிட்டோஹைட்ராக்ஸி அமில சிந்தேஸ் என்ற நொதி ஈ. கோலையில் மூன்று வடிவங்களில் உண்டு. முதலாவதையும் மூன்றாவதையும் வேலின் தடுக்கும், இரண்டாவதைத் தடுக்காது. கே-12இல் அந்த இரண்டாவதுக்கான ஐஎல்விஜி மரபணு சட்டகம் நகர்ந்த பிறழ்வால் பழுதாகிக் கிடக்கிறது. ஆகவே வெளியிலிருந்து வேலின் வந்ததும் பாதை அடைபட்டு, செல் ஐசோலூசின் இல்லாமல் பட்டினி கிடக்கிறது. எல்பியில் ஐசோலூசின் ஏற்கெனவே இருப்பதால் கோளாறு வெளியே தெரிவதில்லை. என்னை அலையவிட்டது அதுதான். கொஞ்சம் ஐசோலூசின் சேர்த்தேன். மறுநாள் காலை குடுவை கலங்கியிருந்தது.

வேலின் சேர்த்தால் ஐசோலூசினையும் சேருங்கள். புதியவர்கள் இருவரிடமும் நான் முதலில் கேட்டது, மீடியத்தில் என்னென்ன போட்டீர்கள் என்பதைத்தான்.

தடையையும் ஒடுக்கத்தையும் குழப்புவது

டிரிப்டோபான் பெருக வேண்டுமென்று அதன் மரபணுக்களை அடக்கிவைக்கும் டிரிப்ஆர் ஒடுக்கிப் புரதத்தை மட்டும் நீக்குவார்கள். நொதி கூடுதலாக உருவாகும், உண்மைதான். ஆனால் பாதையின் முதல் நொதியான ஆந்த்ரனிலேட் சிந்தேஸை டிரிப்டோபானே நேரடியாகத் தடுக்கிறது. நொதி உருவாகும் அளவைக் குறைப்பது ஒடுக்கம், அது வேலை செய்யும் வேகத்தைக் குறைப்பது தடை. அந்தத் தடைக்கு அடங்காத நொதி வடிவமும் வேண்டும். அந்த மரபணுக்களுக்கு முன்னால் உருவாகும் முன்னோடிப் பெப்டைடில் (14 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத் துண்டு) அடுத்தடுத்து நிற்கும் இரு டிரிப்டோபான்களும், டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுத்தலைப் பாதியில் நிறுத்தும் ஏற்பாட்டின் பகுதி என்பதை மறக்க வேண்டாம்.

ஹிஸ்டிடின் ஒப்பரானில் ஒடுக்கியைத் தேடுவது

ஹிஸ்டிடினை உருவாக்கும் மரபணுக்கள் ஒன்றாக இயங்கும் கூட்டம்தான் இந்த ஒப்பரான். அங்கே ஒடுக்கியைத் தேடாதீர்கள். மேலே சொன்னது போலப் படியெடுத்தலைக் கட்டுப்படுத்துவது முன்னோடிப் பெப்டைடில் வரிசையாக நிற்கும் 7 ஹிஸ்டிடின்கள்.

ஈ. கோலையின் விதியை எல்லாவற்றுக்கும் பூசுவது

லைசினும் திரியோனினும் உருவாகும் பாதையின் முதல் நொதி அஸ்பார்டோகைனேஸ். ஈ. கோலைக்கு அது மூன்று. கொரினிபாக்டீரியம் குளூட்டாமிக்கம் என்ற வேறொரு பாக்டீரியாவுக்கு ஒன்றே. லைசினும் திரியோனினும் சேர்ந்து வந்தால்தான் அது நன்றாகத் தடைபடும்.

செல் சாற்றை அப்படியே சோதிப்பது

செல்லை உடைத்து எடுத்த சாற்றிலுள்ள அமினோ அமிலங்களே, நீங்கள் அளக்க வந்த நொதியைத் தடுத்துவிடும். முதலில் அவற்றை நீக்குங்கள்.

டிரிப்டோபான் தேவைப்படும் செல்லுக்குக் காசமினோ அமிலத்தை மட்டும் நம்புவது

காசமினோ அமிலம் தயாரிக்கக் கேசின் என்ற பால் புரதத்தை அமிலத்தில் உடைக்கும்போதே டிரிப்டோபான் அழிந்துவிடுகிறது. அதைத் தனியாகச் சேருங்கள்.