போர்க்காலக் கவிதையைப் படிப்பது எப்படி? பாரதியின் பெல்ஜியம் பாட்டை வைத்து ஒரு பயிற்சி

பாரதியார் கவிதைகள் தொகுப்பில் 'பெல்ஜியம் நாட்டிற்கு வாழ்த்து' என்று ஒரு பாட்டு இருக்கிறது. கண்ணன் பாட்டையும் குயில் பாட்டையும் தேடிப் போகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் உலகப் போர் மூண்ட வேகத்தில் ஒரு சிறிய நாடு வீழ்ந்ததைப் பாடும் பாட்டு இது. கவிதைக்குப் பொருள் காணப் பழகுகிறவர்களுக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். தொகுப்பையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

படி 1: பொருள் தேடாமல் வாய்விட்டுப் படியுங்கள்

அகராதி இப்போது வேண்டாம். இரண்டு முறை உரக்கப் படித்து, காதில் தங்குகிற சொல்லை மட்டும் ஓரத்தில் குறியுங்கள். அநேகமாக 'வீழ்ந்து விட்டாய்' என்று எழுதுவீர்கள். இனித் தலைப்பைப் பாருங்கள்: வாழ்த்து. வீழ்ந்தவளுக்கு வாழ்த்தா? இந்தக் கேள்வி உங்களுக்குள் எழுந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 2: தேதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

1914 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனி பெல்ஜியத்துக்கு ஓர் இறுதி எச்சரிக்கை அனுப்பியது. பிரான்ஸைத் தாக்கப் போகிறோம், உங்கள் நாட்டு வழியாகப் படையை விடுங்கள், 12 மணி நேரத்தில் பதில் சொல்லுங்கள். பெல்ஜியம் மறுத்தது. ஆகஸ்ட் 4 அன்று படை எல்லை தாண்டியது. 20 அன்று பிரஸ்ஸல்ஸ் விழுந்தது. பாரதி அப்போது ஆங்கில அரசுக்குத் தப்பி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டிருந்தார். தொடங்குவதற்கு இவ்வளவு வரலாறு போதும்.

படி 3: ஒரே ஒரு பாட்டில் தங்குங்கள்

அவசரப்படாதீர்கள். இந்தக் கவிதை நான்கு நான்கு அடிகள் கொண்ட சிறு பாட்டுகளாகப் போகிறது; அதில் முதல் பாட்டுக்கு மட்டும் ஒரு மாலைப் பொழுதைக் கொடுங்கள்.

"அறத்தினால் வீழ்ந்து விட்டாய், அன்னியன் வலியனாகி
மறத்தினால் வந்து செய்த வன்மையைப் பொறுத்தல் செய்வாய்;
முறத்தினால் புலியைக் காக்கும் மொய்வரைக் குறப்பெண் போலத்
திறத்தினால் எளியை யாகிச் செய்கையால் உயர்ந்து நின்றாய்!"

முதல் சொல்லின் வால் போல ஒட்டியிருக்கும் 'ஆல்' என்பதைப் பென்சிலால் வட்டமிடுங்கள். பாவத்தால் வீழ்ந்தான், ஆணவத்தால் வீழ்ந்தான் என்றுதான் கேட்டிருக்கிறோம். அறத்தால் ஒருத்தி வீழ்வாளா? வழிவிட்டிருந்தால் தப்பித்திருப்பாள், விடமாட்டேன் என்றதால் வீழ்ந்தாள். படி 2இல் பார்த்த அந்த 12 மணி நேரம் முழுவதும் இந்த ஓர் உருபுக்குள் இருக்கிறது.

அடுத்து எதுகை. அறத்தினால், மறத்தினால், முறத்தினால், திறத்தினால். ஓசைக்காக மட்டும் இவை வரிசையில் நிற்கவில்லை. அறத்துக்கு எதிரே மறம், அதாவது கொடுமை. பழம்பாடல்களில் வீரம் என்று மெச்சப்பட்ட அதே சொல்லைத்தான் இங்கே பகைவன் பக்கம் தள்ளிவைக்கிறார். மறத்தின் எதிரே ஒரு முறம். வீட்டில் அரிசி புடைக்கிற முறம்தான்.

'புலியைக் காக்கும்' என்ற இடத்தில் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். இங்கே காத்தல் என்பது புலி நெருங்காமல் தடுத்தல். பீரங்கிகளோடு வந்த பேரரசின் முன்னால் நின்ற ஒரு நாட்டை, முறத்தைத் தூக்கிக்கொண்டு புலிமுன் நிற்கும் மலைப்பெண்ணாக நம் ஊர்க் கண்ணுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். பாட்டின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்: நின்றாய். 'வீழ்ந்து விட்டாய்' என்று தொடங்கியவளை நான்கே அடிகளில் எழுப்பிவிடுகிறார். தலைப்பில் வாழ்த்து என்று இருப்பதற்குக் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

படி 4: மற்றப் பாட்டுகளில் இதே தடத்தைத் தேடுங்கள்

அறம், வண்மை, மானம், வீரம், துணிவு என்று வீழ்ச்சிக்கான காரணங்கள் அடுக்கி வரும். ஒவ்வொரு 'வீழ்ந்து விட்டாய்'க்கும் பதிலாக எந்த வினைச்சொல் வருகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள். "பாம்பினைப் புழுவே யென்றாய்" என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கு மனப்பாடமாகிப் போன வரி அது.

படி 5: சொல்லாமல் விட்டதைக் கேளுங்கள்

இது கடினமான படி. பாட்டுக்குள் ஜெர்மனி என்ற பெயரோ, பெல்ஜியத்துக்காகப் போரில் இறங்குவதாகச் சொன்ன இங்கிலாந்தின் பெயரோ இல்லை. அன்னியன், பகைவன், பகைவர் வேந்தன், அவ்வளவுதான். அதோடு இந்த அடிகளையும் சேர்த்துப் படியுங்கள்:

"யாருக்கே பகையென் றாலும் யார்மிசை இவன்சென் றாலும்
ஊருக்குள் எல்லை தாண்டி"

யாராக இருந்தாலும் சரி, அடுத்தவன் ஊருக்குள் எல்லை தாண்டிப் புகுவது குற்றம். இந்த அளவுகோலை ஜெர்மனிமேல் மட்டுமா வைக்க முடியும்? இந்தியாவை ஆண்ட இங்கிலாந்துமேலும் வைக்கலாம். 1908 முதல் காங்கோவைக் குடியேற்ற நாடாக ஆண்ட பெல்ஜியத்துமேலும் வைக்கலாம். பாரதி காங்கோவைப் பற்றி இங்கே எதுவும் சொல்லவில்லை. அதற்காகக் கவிதையைத் தூக்கி எறியவும் வேண்டாம், அந்தக் கேள்வியை மறைக்கவும் வேண்டாம். இரண்டையும் உங்கள் குறிப்பேட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

படி 6: முடிவை அளந்து படியுங்கள்

கடைசிப் பாட்டில், விளக்கொளி மங்கிய பின் வெயில் வரும்வரை இருளில் மூழ்கிக் கிடக்கிறது ஒரு பொன் மாளிகை. வெயில் வந்துவிட்டது என்று பாட்டு எங்குமே சொல்லவில்லை. "துயருண்டோ துணிவுள்ளோர்க்கே?" என்று கேட்டுவிட்டு நின்றுவிடுகிறது. அந்த வரியை ஒருமுறை உறுதியான குரலிலும், ஒருமுறை உண்மையிலேயே விடை தெரியாமல் கேட்கிறவர் குரலிலும் படித்துப் பாருங்கள். எந்தக் குரல் உங்கள் தொண்டைக்கு இயல்பாக வருகிறதோ, அங்கிருந்து உங்கள் விளக்கத்தை எழுதத் தொடங்குங்கள்.