கெல்லி மாளிகைக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், பத்து காஜாவுக்கும் கோப்பேங்குக்கும் இடையே ஒரு மேட்டில் நிற்கும் கெல்லி மாளிகைக்குப் பேய் பார்க்கவென்றே போகிறவர்கள் உண்டு. அந்த ஆசையில் குற்றமில்லை. ஆனால் அதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

அதைப் பாழடைந்த அரண்மனை என்று எண்ணிக்கொள்வதே முதல் தவறு. ஸ்காட்லாந்திலிருந்து மலாயாவுக்கு வந்து ரப்பர்த் தோட்ட முதலாளியான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915-இல் கட்டத் தொடங்கிய இந்த மாளிகை, 1926-இல் அவர் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு இறந்தபோது பாதியில் நின்றுபோனது. அவருடைய மனைவி சொத்தை விற்றுவிட்டுப் பிள்ளைகளுடன் ஸ்காட்லாந்துக்கே போய்விட்டார். பூச்சில்லாத செங்கற்சுவரும், கதவும் சட்டமும் இல்லாத வாசல்களும், மின்தூக்கி வருவதற்காக ஆறு மாடிக் கோபுரத்தில் விடப்பட்டு இன்றுவரை காலியாகவே கிடக்கும் செங்குத்தான குழியும் நின்றுபோன வேலையின் அடையாளங்கள். அந்தத் திறந்த வாசல்களின் வழியாகக் காற்று புகுந்து வரும்போது நடைக்கூடத்தில் எழும் ஓசைக்கு ஆவி எதுவும் தேவையில்லை. "இந்த அறையில்தான் துரை உயிரை விட்டார்" என்று யாரேனும் காட்டினால், லிஸ்பனை நினைவில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

பார்வை நேரம் முடிந்தபின் ரகசியமாக உள்ளே நுழைவது, சுரங்கப்பாதையைத் தேடிப் புறப்படுவது, படம் எடுப்பதற்காக மொட்டைமாடியின் விளிம்பை ஒட்டி நிற்பது ஆகியவை அறிவீனம். கோபுரத்தின் குறுகிய படிகளில் மழை நாளில் வழுக்கும். அங்கே அஞ்ச வேண்டியது விழுவதற்குத்தான். சுவரில் பெயரைக் கீறுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தும் நம்மவர் பெயர்களைப் பல பழங்கட்டடங்களில் பார்த்துவிட்டதால் சொல்கிறேன்: சுவரில் விழும் ஒவ்வொரு கீறலும் மழைநீர் இறங்குவதற்கு வழி.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, மாளிகையோடு திரும்பிவிடுவது. இதைக் கட்டியவர்களில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். செங்கல்லும் பளிங்கும்கூட இந்தியாவிலிருந்தே வந்தன. முதல் உலகப் போரின் முடிவில் பரவிய ஸ்பானிஷ் காய்ச்சல் அவர்களில் பலரைக் கொண்டுபோனபோது, எஞ்சியவர்கள் முதலாளியிடம் கேட்டது மாரியம்மனுக்கு ஒரு கோயில். அம்மை, காய்ச்சல் என்றால் அம்மனைத் தேடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் வேறு எதைக் கேட்டிருப்பார்கள்? ஸ்மித் இசைந்தார். அருகிலேயே எழுந்த அந்தக் கோயிலுக்கு வண்டியில் சில நிமிடங்கள்தான் ஆகும். மாளிகையில் அலைவதாகச் சொல்லப்படும் துரையின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது; காய்ச்சலில் போனவர்களின் பெயர்களை அங்கே எந்தக் கதையும் சொல்வதில்லை.

கோயிலுக்குப் போகிறவர்கள் நண்பகலில் நடை சாத்தியிருக்கக்கூடும் என்பதை எண்ணி, காலையில் முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு மாளிகைக்கு வரலாம். சன்னதியில் கும்பிட்டதும் கிளம்பிவிடாமல், வெளியே வந்து கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டும். தெய்வ உருவங்களின் வரிசைக்கு நடுவே, தொப்பி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.