காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஆக்டிவேட் ஆக மறுத்தால்

கணினியை ஃபார்மட் செய்தீர்கள், அல்லது பழுதான மதர்போர்டை மாற்றினீர்கள். நேற்றுவரை ஓடிய மென்பொருள் இன்று "இந்தக் கீ அனுமதித்த எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது" என்கிறது. ரசீது உங்கள் கையில் இருக்கிறது, ஆனால் கீயைச் சரிபார்க்கும் நிறுவனத்தின் சர்வருக்கு ரசீது தெரியாது. மதர்போர்டு, டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றின் எண்களைக் கலந்து செய்த ஓர் அடையாளம்தான் அதற்குத் தெரியும். அது மாறினால், அதே மேசைமேல் இருக்கும் அதே கணினி சர்வர் கணக்கில் இரண்டாவது கணினி. திருட்டுப் பிரதி வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலி கிடையாது என்பதுதான் இதில் கூடுதல் எரிச்சல்.

முதலில் கடிகாரம்

கீயைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். சில சர்வர்கள் தோற்ற முயற்சிகளையும் எண்ணிக்கொண்டு, கொஞ்ச நேரத்துக்குக் கதவை மூடிவிடும். தேதி, நேரம், நேர மண்டலம் மூன்றையும் பாருங்கள். தேதி சில ஆண்டுகள் பின்னால் போயிருந்தால், சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினி ஏற்காது. திரையிலோ "சர்வரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று வரும், நீங்கள் இணையத்தைச் சந்தேகித்துக்கொண்டிருப்பீர்கள். மின்சாரத்தைத் துண்டிக்கும்போதெல்லாம் தேதி பின்னால் போனால், மதர்போர்டில் உள்ள 3 வோல்ட் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலான போர்டுகளில் அது சிஆர்2032.

அடுத்து, இணைப்பை வேறு வழியில் திருப்பும் விபிஎன், பிராக்ஸி, விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் ஆகியவற்றை அணைத்துவிட்டு ஒருமுறை முயலுங்கள். பிறர் பயன்படுத்திய கணினியை வாங்கியிருந்தால் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் (எந்தத் தளப்பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று கணினியிலேயே எழுதி வைக்கும் பட்டியல்) திறந்து பாருங்கள். முந்தைய ஆள் போட்ட கிராக் (உரிமப் பூட்டை உடைக்கும் நிரல்) எதுவோ, நிறுவனத்தின் சர்வர் பெயரை 127.0.0.1-க்கு, அதாவது அதே கணினிக்கே, திருப்பிவிட்டிருக்கலாம். சர்வீசஸ் பட்டியலில் அந்த மென்பொருளின் லைசென்ஸ் சர்வீஸ் ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஆன்டிவைரஸ் அதை நிறுத்தி வைப்பது அடிக்கடி நடக்கும்.

விண்டோஸ் கீ

25 எழுத்துக் கீயில் எல்லா எழுத்துகளும் வராது. ஆங்கில உயிரெழுத்துகள் ஐந்தும், எல், எஸ், இசட் ஆகியவையும், 0, 1, 5 என்ற இலக்கங்களும் அதில் இல்லை. ஆகவே தேய்ந்த ஸ்டிக்கரில் 0 போலத் தெரிவதை க்யூ அல்லது டி என்று படித்துப் பாருங்கள். 5 போலத் தெரிவது 6 அல்லது ஜி ஆக இருக்கலாம். 8, பி இரண்டும் உண்டு என்பதால் அங்கே மட்டும் இரண்டையும் முயன்றுதான் தீர வேண்டும்.

பிழைச் செய்தியின் வாசகத்தைவிட, எண்ணின் கடைசி நான்கு இடங்களை நம்புங்கள். எஃப்211 என்று முடிந்தால் வன்பொருள் மாறியிருக்கிறது. எஃப்212 என்றால் பதிப்பு பொருந்தவில்லை: ஹோம் உரிமம் இருக்க, புரோ பதிப்பை ஏற்றியிருக்கிறீர்கள். சி008 என்றால் கீ அனுமதித்ததைவிட அதிகக் கணினிகளில் பயன்பட்டுவிட்டது. சி003 என்றால் கீ முடக்கப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசி வகைக்கு நீங்கள் செய்யக்கூடியது எதுவுமில்லை, விற்றவரிடம்தான் போக வேண்டும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை உரிமம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் எஸ்எல்எம்ஜிஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள், இடைவெளி, சாய்கோடு, டிஎல்ஐ என்று அடித்தால் ஒரு சிறு சன்னல் வரும். விளக்க வரியில் ரீட்டெயில் (தனியாகக் கடையில் வாங்கியது) என்றிருந்தால் வேறு கணினிக்கு மாற்றலாம். ஓஇஎம் (கணினியோடு சேர்ந்து வந்தது) என்றிருந்தால் அது முதல் மதர்போர்டோடு கட்டப்பட்டது. போர்டை மாற்றினால் பொதுவாக உரிமமும் போயிற்று. வால்யூம் (நிறுவனங்களுக்கு மொத்தமாகத் தரும் உரிமம்) என்றிருந்து, நீங்கள் தனியாளாக வாங்கியிருந்தால், ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். வால்யூமில் வரும் கேஎம்எஸ் வகை (நிறுவனத்தின் சொந்த சர்வர் வழியான) ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும். அதற்குள் நிறுவனத்தின் சர்வரைப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

ரீட்டெயில் உரிமம் உள்ளவர்கள் போர்டை மாற்றும் முன்பே மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, டிஜிட்டல் உரிமத்தை அதனுடன் இணைத்துவிட வேண்டும். மாற்றிய பிறகு ஆக்டிவேஷன் பக்கத்தில் டிரபிள்ஷூட் பொத்தானை அழுத்தி, "இந்தக் கணினியின் வன்பொருளைச் சமீபத்தில் மாற்றினேன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்கூட்டி இணைக்காதவர்களுக்கு இந்த வழி திறக்காது.

ஃபார்மட்டுக்கு முன் டீஆக்டிவேட்

பாதிப் பிரச்சினைகள் இந்த ஒரு படியைத் தவறவிட்டதால் வருபவை. மென்பொருளை அன்இன்ஸ்டால் செய்தால் உரிமம் தானாகத் திரும்பிவிடும் என்று நினைக்காதீர்கள், பலவற்றில் திரும்பாது. ஹெல்ப் மெனுவிலோ கணக்குப் பக்கத்திலோ உள்ள டீஆக்டிவேட்டை, இணையம் இணைந்திருக்கும்போதே அழுத்துங்கள். டிஸ்க் செத்துவிட்டதா? நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் கணக்கில் பழைய கணினியின் பெயர் இருந்தால் அங்கிருந்தே நீக்கலாம். எல்லாக் கணினிக்கும் ஒரே மாதிரியான பெயர் இருந்தால் எதை நீக்குவது என்று விழிப்பீர்கள், அதனால் கணினிகளுக்குத் தனிப்பெயர் வையுங்கள்.

நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை (கார்டுக்கே உரிய வன்பொருள் எண்) வைத்து உரிமம் கொடுக்கும் மென்பொருளுக்கு இன்னொரு கண்ணி உண்டு. வைஃபை அமைப்பில் "சீரற்ற வன்பொருள் முகவரி" இயக்கத்தில் இருந்தால் முகவரி மாறிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பை டாக்கில் (கூடுதல் துளைகள் தரும் இணைப்புப் பெட்டி) செருகியிருந்தபோது எடுத்த உரிமம், டாக்கைக் கழற்றியதும் செல்லாமல் போகும். உரிமம் கேட்கும்போது போர்டிலேயே பதிந்த கார்டின் முகவரியைக் கொடுங்கள்.

டாங்கிளும் லைசென்ஸ் சர்வரும்

சில மென்பொருள்களின் உரிமம் டாங்கிள் என்ற யுஎஸ்பி சாவியில் இருக்கும். அந்த டாங்கிளைப் பல துளை ஹப்பில் செருகாமல் நேராகக் கணினியில் செருகுங்கள். பழைய டாங்கிள் யுஎஸ்பி 3 துளையில் தெரியாவிட்டால் 2.0 துளையில் முயலுங்கள். சென்டினல் வகை டாங்கிளுக்கு, அதே கணினியின் பிரவுசரில் 127.0.0.1 முகவரியில் 1947 போர்ட்டை (இணைப்பு வாசலின் எண்) திறந்தால் நிர்வாகப் பக்கம் வரும். அந்தப் பட்டியலில் டாங்கிள் இருந்தும் மென்பொருள் திறக்கவில்லையென்றால் குற்றம் டிரைவரில் இல்லை. ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒற்றை உரிமங்கள் பலவும் அப்படி வருபவரை வேண்டுமென்றே தடுக்கும். உடைந்த டாங்கிளைத் திருப்பி அனுப்பினால் பல நிறுவனங்கள் மாற்றித் தருகின்றன. தொலைந்ததற்குப் புது உரிமம் வாங்கச் சொல்லிவிடுவார்கள். உடைந்ததைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பல கணினிகளுக்கு உரிமத்தைப் பகிர்ந்து தரும் ஃபிளெக்ஸ்நெட் சர்வர் வைத்திருக்கும் அலுவலகங்களில் "ரீஸ்டார்ட் செய்த பிறகு யாருக்கும் உரிமம் கிடைக்கவில்லை" என்ற புகார் வந்துகொண்டே இருக்கும். முதன்மைச் சேவை 27000 முதல் 27009 வரையிலான போர்ட்டில் உட்காரும். ஆனால் விற்பனையாளரின் துணைச் சேவை, சொல்லி வைக்காவிட்டால், ஒவ்வொரு முறையும் கைக்குக் கிடைத்த போர்ட்டை எடுத்துக்கொள்ளும், ஃபயர்வால் அதை மறித்துவிடும். உரிமக் கோப்பின் வெண்டர் வரியில் போர்ட் எண்ணை எழுதி, அதே எண்ணை ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள். கோப்பில் சர்வரின் பெயரையும் போர்ட்டையும் மாற்றலாம், ஹோஸ்ட் ஐடியை (சர்வர் கணினியின் அடையாள எண்) தொட்டால் கையொப்பம் முறிந்துவிடும்.

மெய்நிகர் கணினியை (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வேறிடத்துக்கு எடுத்துச் செல்லும்போது, அதை இயக்கும் விஎம்வேர், "நகர்த்தினீர்களா, நகலெடுத்தீர்களா?" என்று கேட்கும். நகர்த்தினேன் என்றால் பழைய அடையாளம் நிற்கும். நகலெடுத்தேன் என்றால் புது அடையாளமும் புது மேக் முகவரியும் உருவாகி, உள்ளே இருக்கும் உரிமங்கள் அதை வேறு கணினி என்று மறுக்கலாம்.

நிறுவனத்துக்கு எழுதும்போது

"வேலை செய்யவில்லை, உடனே உதவுங்கள்" என்ற கடிதத்துக்கு நான்கு கேள்விகள்தான் பதிலாக வரும், இரண்டு நாள் போய்விடும். முதல் கடிதத்திலேயே ஆர்டர் எண், வாங்கிய தேதி, ரசீதின் பிடிஎஃப், மென்பொருளின் முழுப் பதிப்பு எண், பிழை எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட், எந்தப் பாகத்தை எப்போது மாற்றினீர்கள், பழைய கணினி இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்ற எல்லாவற்றையும் சேருங்கள். கேட்பது ஒன்றே: ஆக்டிவேஷன் எண்ணிக்கையை ரீசெட் செய்யுங்கள். கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் போதும். முழுக் கீயைப் பொது இடங்களில் ஒட்டினால் அது சீக்கிரமே முடங்கிவிடும். வெள்ளிக்கிழமை மாலையில் மதர்போர்டு மாற்றுவதைத் தவிர்ப்பதும் ஒரு தொழில்நுட்ப ஆலோசனைதான்.

சர்வரே மூடப்பட்டால்

அடோபி தன் சிஎஸ்2 தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வர்களை மூடியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத பிரதியையும் அதற்கான சீரியல் எண்ணையும் கொடுத்தது. எல்லோரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எண்ண வேண்டாம். சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்புப் பூட்டுப் போட்டு வட்டில் விற்ற விளையாட்டுகள் 2015-இல் வந்த விண்டோஸ் 10-இல் திறக்கவில்லை, அந்தப் பூட்டின் டிரைவர் பாதுகாப்புக் குறை என்று ஒதுக்கப்பட்டதுதான் காரணம். எனவே சர்வர் மூடும் அறிவிப்பு வந்த வாரத்திலேயே இன்ஸ்டாலரைப் பதிப்பு எண்ணோடு வெளி டிஸ்கில் சேமித்து, ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றி ஆக்டிவேட் செய்யுங்கள். உரிம விதி அதற்கு இடம் தருகிறதா என்பதை முன்பே படித்துக்கொள்ளுங்கள். பிறகு அதன் இணையத்தைத் துண்டித்து, இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்த பின்னும் மென்பொருள் திறக்கிறதா என்று பாருங்கள்.